செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சட்டம் வழிவிட்ட பிறகும் வராத மாத்திரை

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற சமயம் பார்த்துப் பொதுக்குழு வைத்தால் யார் வருவார்கள் என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். இப்போது நாற்காலி போதாமல் பக்கத்துப் பந்தல்காரரிடம் வாங்கிப் போட்டிருக்கிறோம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது, ஐப்பசி மழையில் மட்டும் ஆள் சேராமல் ஒத்திவைத்தோம். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளுக்கு நம் சங்கம் வீல்சேர், கட்டில், தண்ணீர்ப் படுக்கை, ஆக்சிஜன் இயந்திரம் இரவல் கொடுப்பது தொடர்கிறது. இரவல் வாங்கியவர்களில் சிலர் நோயாளி போய்ச் சேர்ந்து பல மாதம் ஆன பிறகும் கட்டிலைத் திருப்பித் தரவில்லை, கேட்கப் போனால் நமக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் அடுத்த வீட்டில் ஒருவர் பாயில் கிடக்கிறார் என்பதால் கேட்கத்தான் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற செவிலியர்களோடு நம் தொண்டர்களுக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. படுக்கைப்புண் உள்ள நோயாளி எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதை இப்போது அவர்கள் நமக்குச் சொல்கிறார்கள், நாம் அவர்களுக்குச் சொல்கிறோம்.

இந்த ஆண்டு நம் பதிவேட்டில் இருந்து மறைந்தவர்களின் பெயர்களைத் தலைவர் அண்ணாச்சி தனியே வாசிப்பார். நம் மாதிரிச் சங்கத்தில் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், அதில் ஒளிக்க எதுவும் இல்லை. நாம் நோயைக் குணமாக்குகிற சங்கம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எத்தனை பேர் கடைசி மாதத்தில் கொஞ்சமாவது தூங்கினார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன தொண்டர்களைக் கேட்டால், பதில் சொல்ல வாய் வராது. ஆகவே இந்த ஆண்டு சங்கம் தன் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே விஷயத்தில் செலவழித்தது. அபினிலிருந்து எடுக்கிற, கடும் வலியைத் தணிக்கிற மார்ஃபின் மாத்திரை. இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

நம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி என்று எங்கே யாருக்குப் புற்றுநோய் என்றாலும், மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவர்கள் பாதி என்றால், மீதிப் பேர் ஆரியங்காவு மலையேறித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறார்கள். அங்கே வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுக்கிறார்கள், சில வாரத்துக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். சென்ற ஆண்டு நாம் பார்த்த ஒரு கொத்தனாரின் கதை இது: வாய்ப்புற்று, தாடை வரை பரவிவிட்டது, மார்ஃபின் ஆரம்பித்த பிறகு கஞ்சி குடித்தார், பேரப்பிள்ளையோடு பேசினார். மாத்திரை தீரும் நிலைக்கு வந்தது. மறுபடி அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக அவரால் முடியாது. அவர் மனைவி சீட்டை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள மருந்துக்கடை எல்லாம் ஏறி இறங்கினார். ஒரு கடையில் சீட்டைப் பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்து, "யக்கா, இதெல்லாம் இங்க கேக்காதீக, கேஸ் ஆயிரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா பயந்துபோய் வீட்டுக்கு வந்து மீதி இருந்த அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். கணவருக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார், போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று.

இன்னொரு குடும்பம் புளியரை சோதனைச்சாவடி வரும்போதெல்லாம் மாத்திரை அட்டையைக் குழந்தையின் பால்புட்டிப் பைக்குள் மாற்றி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. யாரும் அவர்களைப் பிடிக்கவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனாலும் கடத்தல்காரர்களைப் போலத் தங்களை அவர்களே நினைத்துக்கொண்டார்கள். முறையாக எழுதி, முறையாக வழங்கப்பட்ட மருந்தை நோயாளி தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வது குற்றமே இல்லை. சீட்டையும் மருந்து வாங்கிய ரசீதையும் அட்டையோடு ஒரே உறையில் போட்டு, மேலாக வைத்துக்கொள்ளுங்கள், ஒளிக்காதீர்கள் என்று இப்போது எல்லா வீட்டிலும் சொல்லி வருகிறோம்.

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் உறுப்பினர்களே வெளியில் பேசும்போது "அதான் சட்டம் தடுக்குதே" என்று சொல்கிறார்கள். தடுத்த காலம் ஒன்று உண்டு. 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும். கடத்துகிறவனுக்கும், உரிமத்தைப் புதுப்பிக்கத் தவறிய மருந்தாளருக்கும் வித்தியாசம் பார்க்காத சட்டம் அது. பிடிபட்ட அளவைப் பொறுத்துத் தண்டனையைப் பிரித்ததே 2001இல் வந்த திருத்தம்தான். போதாததற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி எழுதியது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டும் என்றால் வைத்திருக்க ஓர் உரிமம், வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவர ஓர் அனுமதி, அங்கிருந்து அனுப்ப ஓர் அனுமதி, வழியில் ஏற்றிவர ஒன்று என்று நான்கைந்து காகிதம், அதுவும் ஆயத்தீர்வை, மருந்துக் கட்டுப்பாடு, சுகாதாரம் என்று வேறு வேறு துறைகளிடமிருந்து. எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். கடைசிக் காகிதம் கைக்கு வரும்போது முதல் காகிதம் காலாவதி ஆகியிருக்கும். மருத்துவமனைகள் வாங்குவதை விட்டுவிட்டன, கம்பெனிகள் தயாரிப்பதைக் குறைத்தன, மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள். முன்பு ஆண்டுக்குப் பல நூறு கிலோவாக இருந்த மருத்துவ உபயோகம் 1997இல் நாடு முழுவதற்கும் சேர்த்து 18 கிலோவாக இறங்கியது.

இத்தனைக்கும் மார்ஃபின் நமக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள் இல்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விவசாயிகள் கசகசாச் செடி வளர்த்து, காயைக் கீறி, அபின் எடுத்து அரசுக்கே விற்கிறார்கள். குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பணியகம் வயலை அளந்து கணக்கு வைக்கிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, காஜிப்பூர்த் தொழிற்சாலை கம்பெனி ஆட்சிக் காலத்தில் 1820இல் ஆரம்பித்தது. இங்கே விளைந்த அபின் கப்பலேறி வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே 18 கிலோ. எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் கோபம் குறைவதில்லை.

அப்புறம் மெல்ல மெல்ல மாறியது. 1998இல் மத்திய வருவாய்த் துறை இந்த உரிமங்களை எளிதாக்க ஒரு முன்மாதிரி விதியை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது, ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் விருப்பம். கேரளம் சீக்கிரமே ஏற்றுக்கொண்டது. பல மாநிலங்கள் அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டன. 2007இல் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கமும் (குணமாக்க முடியாத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கிற சிகிச்சை இது) அதோடு சேர்ந்தவர்களும் மார்ஃபின் கிடைக்க வழிசெய்யக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். திருவனந்தபுரத்து பாலியம் இந்தியா அமைப்பின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் தில்லிக்கும் ஊருக்குமாக அலைந்து, அதிகாரி மாறினால் புது அதிகாரியிடம் முதலிலிருந்து விளக்கி, இந்த விஷயத்தை உயிரோடு வைத்திருந்தார்கள். கடைசியில் 2014 பிப்ரவரி, தெலங்கானா மசோதா அமளியில் நாடாளுமன்றமே கதிகலங்கிக் கிடந்த நேரம், அந்த மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர், 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் திருத்தம் நிறைவேறிவிட்டது. இரண்டு நாள் தள்ளியிருந்தால் தேர்தலுக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்திருக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் என்ன செய்தது? 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் வந்தன. இவற்றுக்கு விதி எழுதுகிற அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாறியது, அதாவது கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒரே விதி. தடுப்பதோடு, மருத்துவத்துக்குக் கிடைக்கச் செய்வதும் இந்தச் சட்டத்தின் நோக்கம் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். 2015 மே 5ஆம் தேதி விதிகள் வந்தன. நான்கைந்து உரிமங்கள் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமிருந்து ஒரே அங்கீகாரம். வலி நிவாரணத்திலும் நோய்த்தணிப்புச் சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது இருந்தால் போதும், ஒரு மருத்துவமனை அங்கீகாரம் கேட்கலாம், கிடைத்தால் மூன்று ஆண்டு செல்லும். இதற்கு 2025 மே மாதத்தோடு பத்து ஆண்டு நிறைந்துவிட்டது.

ஒரு சின்ன இடைச்செருகல். 2014 திருத்தத்தில் புது வகையைச் சேர்க்கும்போது வரையறைப் பிரிவில் ஓர் உட்பிரிவின் எழுத்து மாறியது. இன்னொரு பிரிவு, 27ஏ, பழைய எழுத்தையே சுட்டிக்கொண்டு நின்றது. போதைக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பவர்களைத் தண்டிக்கும் பிரிவு அது. ஏழு ஆண்டு யார் கண்ணிலும் படவில்லை. திரிபுராவில் நீதிமன்றம் கவனித்து, 2021இல் அவசரச் சட்டமும் பிறகு திருத்தச் சட்டமும் கொண்டுவந்து சரிசெய்தார்கள். சங்கத் தீர்மானத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று என்னைத் திட்டுகிற நண்பர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

சரி, சட்டம் திருந்திவிட்டது. பின்னே ஏன் கொத்தனார் மனைவி மாத்திரையைப் பானைக்குள் ஒளித்தார்? இந்த ஆண்டு முழுக்க நாம் தேடியது இதற்கான பதிலைத்தான்.

முதலில் நம் பக்கத்தில் அங்கீகாரம் உள்ள மருத்துவமனைகள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டோம். முதல் பதில் வேறு ஓர் அலுவலகத்துக்கு மாற்றிய கடிதமாக வந்தது, மேல்முறையீட்டுக்குப் பிறகு பட்டியல் வந்தது. நம் தொண்டர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார்கள். ஒரு மருத்துவமனையில் (பெயர் சொல்லப் போவதில்லை, அவர்கள்தான் பிறகு நமக்கு உதவியவர்கள்) அங்கீகாரம் வாங்கியிருந்தார்கள், பயிற்சி பெற்ற டாக்டரம்மா இருந்த வரை மாத்திரையும் இருந்திருக்கிறது. அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போனார். புதிதாக வந்தவர் பயிற்சி பெறாதவர், அதனால் எழுத முடியாது. எழுத ஆள் இல்லாததால் வாங்கவில்லை, வாங்காததால் பதிவேடு வெறுமையாக இருந்தது, பதிவேடு வெறுமை என்பதால் புதுப்பிக்க வேண்டிய தேதியும் யாருக்கும் நினைவில்லாமல் கடந்து போய்விட்டது. பூட்டிய அலமாரி மட்டும் அப்படியே இருந்தது. சாவி யாரிடம் என்று தேடுவதற்கே அவர்களுக்கு அரை நாள் ஆயிற்று.

இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் கஷ்டம். சட்டம் 'ஒருவராவது' என்று சொன்னால், நடைமுறையில் எல்லா இடத்திலும் ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர் மாறுதலானால், பிரசவ விடுப்பில் போனால், மேற்படிப்புக்குப் போனால், அந்த ஊர் நோயாளிகளின் வலிக்கு மருந்து இல்லை. சட்டத்தை இதற்கு மேல் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றால் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது செயற்குழுவின் கருத்து. ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் குறைந்தது இரண்டு பேருக்குப் பயிற்சி, மாறுதல் உத்தரவு போடும்போதே அந்த இடத்துக்குப் பயிற்சி பெற்றவர் வருகிறாரா என்று பார்ப்பது. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும் என்பது என் சொந்த அபிப்பிராயம். வழக்கறிஞர் உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை, சுற்றறிக்கையைக் கிழிக்க இன்னொரு சுற்றறிக்கை போதும், விதியில் இருந்தால்தான் நிற்கும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது வாங்குவதில் உள்ள சிக்கல். வாயால் சாப்பிடும் சாதாரண மார்ஃபின் மாத்திரை விலை மலிவு. மலிவு என்பதே அதற்குப் பகையாகிவிட்டது. தயாரிப்பவர்கள் கொஞ்சம் பேர், சின்ன மருத்துவமனை கேட்கிற சின்ன ஆர்டரை அனுப்ப யாருக்கும் அவசரமில்லை. அதே நேரம் தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டை பல மடங்கு விலை, அதை விற்க ஆள் தேடி வருகிறார்கள். கூலிவேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பட்டையை எத்தனை மாதம் வாங்கி ஒட்ட முடியும்?

மருந்துக்கடைக்காரர்களை நாம் எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். கார்த்திகை மாதம் அவர்களில் ஏழெட்டுப் பேரை அழைத்து வைத்து, டீயும் உளுந்த வடையும் கொடுத்துப் பேசினோம். சண்டைக்கு வந்தது போல்தான் ஆரம்பித்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டபோது நம் பக்கத்துக் கோபம் கொஞ்சம் இறங்கியது. நம் மாவட்டங்களில் இளைஞர்கள் வலி மாத்திரையை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது, அதனால் கடைக்கு மேல் கண் இருக்கிறது. 2018 ஏப்ரலில் டிரமடால் மாத்திரையையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை முதுகுவலிக்கும் எலும்பு முறிவுக்கும் சாதாரணமாகக் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரை அது. சட்டத்துக்குள் வந்ததும் சின்னக் கடைகள் அதை வைப்பதையே விட்டன. "ஒரு அட்டைக்கு நாலு ரூவா லாபம், அதுக்கு நான் ஜெயிலுக்கா போகணும் அண்ணாச்சி?" என்று ஒரு பெரியவர் கேட்டார், நம் யாரிடமும் பதில் இல்லை.

டிரமடாலைக் கட்டுப்படுத்தியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது போதைக்குப் போனது உண்மை, இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கள்ளத்தனமாகப் போனதும் உண்மை. ஆனால் கட்டுப்பாடு கொண்டுவரும் அன்றே, நோயாளி இனி எங்கே போய் வாங்குவார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 1985இல் எழுதவில்லை, 2018இலும் எழுதவில்லை. இடையில் 2014இல் எழுதியது மட்டும்தான் விதிவிலக்கு. மார்ஃபினைச் சில்லறைக் கடைகளில் தேடி அலைவதைவிட, அங்கீகாரம் உள்ள மருத்துவமனை மூலமாகவே கிடைக்க வைப்பதுதான் நம் ஊருக்கு இப்போது நடைமுறைக்கு ஆகக்கூடியது என்று அன்று பேசி முடித்தோம். சீட்டோடு வருகிறவரை மிரட்டாமல், "இங்கே இல்லை, இன்ன மருத்துவமனையில் கேளுங்கள்" என்று சொல்லி நம் தொண்டர் எண்ணைக் கொடுப்பதாகக் கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் அதன்படியே செய்கிறார்கள்.

கூட்டங்களில் தவறாமல் வருகிற ஒரு கேள்வி: அமெரிக்காவில் இந்த மாத்திரைகளால்தானே இத்தனை பேர் செத்தார்கள்? பேரன் அங்கே இருக்கிற வீடுகளில் நிச்சயம் கேட்பார்கள். அங்கே நடந்தது வேறு. ஆக்சிகோன்டின் என்ற மாத்திரையை 1996இல் கொண்டுவந்த கம்பெனி, அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி டாக்டர்களிடம் விற்றது, 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நாள்பட்ட முதுகுவலி, பல் பிடுங்கிய வலி என்று எல்லாவற்றுக்கும் எழுதித் தள்ளினார்கள். நம் பக்கத்து அனுபவம் தெரிய வேண்டுமானால் கோழிக்கோட்டைப் பார்க்கலாம். 1993இல் அங்கே ஆரம்பித்த பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) சங்கத்தின் கிளினிக்கில் இரண்டு ஆண்டுக் காலத்தில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபினை வீட்டுக்கே கொடுத்தனுப்பியதை ஆராய்ந்து, முறைகேடாகப் பயன்படுத்தியதோ வெளியே போனதோ எதுவும் இல்லை என்று 2001இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதே லான்செட் அமைத்த குழு 2017இல் உலகக் கணக்குப் போட்டது. இந்தியாவில் வலியும் துன்பமுமாகக் கிடப்பவர்களுக்குத் தேவையான மார்ஃபின் வகை வலி மருந்தில் சுமார் 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்றது. அமெரிக்கா தேவைக்குமேல் பல மடங்கு விழுங்கியதற்காக, 4 சதவீதத்தில் இருக்கிற நாம் பத்தியம் இருக்க வேண்டுமா என்பதுதான் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி.

வீடுகளில் உள்ள பயம் சட்டத்தால் வந்தது மட்டும் அல்ல. மார்ஃபின் எழுதிவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வோம், இப்போதே கொடுத்தால் பிறகு கேட்காது என்று சேமித்து வைக்கிறார்கள். தை மாதம் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவரை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு வகுப்பு நடத்தினோம், இந்த ஆண்டின் மிக நல்ல நிகழ்ச்சி எது என்றால் நான் அதைத்தான் சொல்வேன். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், டாக்டர் சொன்ன அளவைப் பாதியாக உடைக்கக் கூடாது, மலச்சிக்கல் வந்தே தீரும் என்பதால் அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும், முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் இருந்தால் பதறாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். இவ்வளவையும் அவர் பாடம் போலச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கடிகார அட்டையைக் கொடுத்து, கிராமத்து அம்மாக்கள் படிக்காமலே புரிந்துகொள்கிற மாதிரி சூரியனும் நிலாவும் வரைய வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "மைனி, ராத்திரி ரெண்டு மணிக்கும் எந்திரிச்சுக் குடுக்கணுமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, படுக்கும் முன் கொடுக்கிற அளவை டாக்டர் கூட்டித் தருவார், கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களும் தூங்க வேண்டும் அல்லவா என்றார். பராமரிக்கிறவரின் தூக்கத்தைப் பற்றி யாரும் அதுவரை அவர்களிடம் பேசியதில்லை போலிருக்கிறது. அறையில் பலர் அழுதுவிட்டார்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், தொண்டர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி இறந்த பிறகு மீதமுள்ள மார்ஃபினை, "வேற யாருக்காவது குடுங்க" என்று நல்ல மனதோடு நம்மிடம் கொடுக்கிறார்கள். வாங்காதீர்கள். நாம் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இல்லை. நோயாளி கையில் மருந்தாக இருப்பது நம் அலமாரியில் இருந்தால் சட்டப்படி வேறு பொருள். எந்த மருத்துவமனையில் வாங்கினார்களோ அங்கேயே குடும்பத்தார் திருப்பிக் கொடுக்க வேண்டும், துணைக்கு நாம் போகலாம், பையைத் தூக்கக் கூடாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஓர் அட்டை வீணாகிறதே என்று வருத்தப்படுவது புரிகிறது, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

இனி சங்கத்துக்குள் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பீர்கள். மருத்துவமனை வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்த வேண்டும் என்று இளைஞர் அணி சொன்னது. மூத்தவர்கள் வேண்டாம் என்றார்கள், வாசலில் கோஷம் போட்டுவிட்டு மறுநாள் அதே டாக்டரிடம் நம் நோயாளியை எப்படிக் கூட்டிப் போவது என்று கேட்டார்கள். ஓட்டெடுப்பு வரை போயிற்று. கடைசியில் திங்கள்கிழமை மனு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நோயாளிகளின் குடும்பத்தாரே போய் மனு கொடுப்பது என்று முடிவானது. கொத்தனாரின் மனைவியும் வந்தார், அவர் அப்போது கணவரை இழந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. நான் எழுதிக்கொண்டு போன நீளமான மனுவை அதிகாரி புரட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்ன இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு மனுவை மூடிவிட்டு உடனே போனில் பேசினார். ஆர்ப்பாட்டம் கேட்ட தம்பிகளும் அன்று கூட வந்து நின்றார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி.

அதன் பிறகு காரியங்கள் நகர்ந்தன. மேலே சொன்ன மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள், முடித்தும் வந்தார்கள். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்தார்கள், இணைக்க வேண்டிய ஆவணங்களைச் சரிபார்ப்பதில் நம் வழக்கறிஞர் உறுப்பினர் சம்பளம் இல்லாத குமாஸ்தாவாக வேலை பார்த்தார். ஆர்டர் போட்டு, காத்திருந்து, பங்குனியில் முதல் பெட்டி வந்து சேர்ந்தது. இப்போது வாரத்தில் ஒருநாள் அங்கே வலி நிவாரண ஓ.பி. நடக்கிறது. புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து நோயாளிகளுக்கு அதுவும் தூரம்தான். மற்ற மருத்துவமனைகள் இன்னும் 'பார்க்கலாம்' என்ற நிலையில்தான் இருக்கின்றன. ஒன்று மட்டும், போதைப்பொருள் வைத்திருந்தால் பிரச்சினை வரும், எங்களுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2015 விதிகளின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அச்சடித்து அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். படித்தார்களா என்று ஆடி மாதம் போய்க் கேட்போம்.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் அரசு மருத்துவமனையாவது அங்கீகாரம் பெற்று மாத்திரையை இருப்பில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற டாக்டர் இருவருக்குக் குறையக் கூடாது என்று மாநில அரசைக் கேட்பது முதல் தீர்மானம். இருப்பு எங்கே இருக்கிறது, எங்கே தீர்ந்துவிட்டது என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ளும்படி வெளியிடக் கேட்பது இரண்டாவது. சந்தாவை 50 ரூபாய் கூட்டுவது மூன்றாவது, இதற்குத்தான் அதிக நேரம் விவாதம் நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஆகவே கடைசியில் வைத்திருக்கிறோம். சட்டத்துக்குள்ளேயே 'இருவர்' என்று சேர்க்கக் கேட்பதா வேண்டாமா என்பதை வழக்கறிஞர் உறுப்பினர் திருத்தமாக முன்மொழிவார். நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன், அவருக்கும் அது தெரியும்.

மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்தவர்களுக்கும், வகுப்பு நடத்திய செவிலியர் அக்காவுக்கும், வண்டி ஓட்டிய தம்பிகளுக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் அக்கா இப்போது வாசிப்பார், தணிக்கைக் குறிப்பில் பெட்ரோல் செலவைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கான பதிலை அவரே சொல்வார். அதற்குப் பிறகு தீர்மானங்கள், அப்புறம் சாப்பாடு. போகும் முன் கட்டில் வைத்திருப்பவர்கள் வாசலில் உள்ள நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டுப் போகவும்.